ஊசி போடும் இடத்தில் தமிழுக்கு என்ன வேலை?

கொவிட்-19 கிருமிப் பரவல் காலத்துத் தடுப்பூசி நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன. அவை இயங்கிய சமூக மன்றக் கூடங்களில் மீண்டும் பூப்பந்து விளையாட்டு நடக்கிறது. ஆனால், தடுப்பூசியின் கதை முடிந்துவிடவில்லை. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, தொற்றுநோய்களைக் கவனிப்பதற்கென்றே தனி அமைப்பு ஒன்று சிங்கப்பூரில் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்திலிருந்து 60 வயதைத் தாண்டிய, தகுதிபெறும் சிங்கப்பூரர்களுக்கு அக்கி நோய்த் தடுப்பூசி மானிய விலையில் கிடைக்கிறது. சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் நிமோகோக்கல் தடுப்பூசியும் முன்பே பட்டியலில் உள்ளன. நாடு மூப்படைய மூப்படைய, ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய பெரியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

அப்படியானால் தொண்டூழியர்களின் தேவையும் தொடரும். பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் உங்களையும் யாராவது ஒருநாள் அழைக்கக்கூடும். “எனக்கு மருத்துவம் தெரியாதே, அங்கே போய் நான் என்ன செய்வது?” என்ற கேள்வி எழுவது இயல்பு. வரிசையை ஒழுங்குபடுத்தலாம், நாற்காலியைத் துடைக்கலாம், சக்கர நாற்காலியைத் தள்ளலாம். எல்லாம் தேவையான வேலைகளே. இவற்றுக்கு அப்பால், தமிழ் தெரிந்த மாணவருக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு வேலை அங்கே இருக்கிறது. அது சிகிச்சையின் ஓரத்தில் நிற்கும் உபசாரம் இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி என்பது என் கருத்து. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

கிராஞ்சியில் கண்டது

2021ல் நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் கிராஞ்சி வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர்கள் வந்துபோன ஒரு தடுப்பூசி நிலையத்திலும், பிறகு என் வீட்டுக்கு அருகே முதியவர்கள் வந்த ஒரு நிலையத்திலும் வார இறுதிகளில் தொண்டூழியம் செய்தேன்.

கிராஞ்சி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது போர் நினைவிடம், நீர்த்தேக்கம், பண்ணைகள், 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தைக் கண்ட குதிரைப் பந்தயத் திடல். அந்த வட்டாரத்திலும் சுற்றியுள்ள சுங்கை காடுட், மண்டாய் பகுதிகளிலும் தொழிற்கூடங்களும் ஊழியர் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. வெளிநாட்டு ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு நிலையங்களில் ஒன்று கிராஞ்சியில்தான் உள்ளது. 2020 ஏப்ரலில் நோய்ப் பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்புக்கு வந்தபோது விடுதிகளுக்குள் முடங்கிய ஊழியர்கள், 2021ன் பெரும்பகுதியிலும் வேலையிடம், விடுதி, பொழுதுபோக்கு நிலையம் என்ற மூன்றுக்கும் இடையில்தான் நடமாடினார்கள். தேக்காவின் கடைத்தெரு அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

அந்த ஊழியர்களில் எத்தனையோ பேர் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் நானும் பேசுவது ஒரே மொழி. நான் அங்கே நிற்பதற்கு இருந்த ஒரே தகுதி அதுதான்.

மூன்று தடைகள்

மக்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளத் தயங்குவதை, 2019ல் உலகச் சுகாதார நிறுவனம் உலக நலனுக்கு எதிரான பத்து மிரட்டல்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. கொவிட்-19 தலைகாட்டுவதற்கு முன்பே சொல்லப்பட்டது அது. தயக்கத்தின் காரணங்களை ஆராய்ந்த அந்நிறுவனத்தின் நிபுணர்கள் அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: நம்பிக்கையின்மை, அலட்சியம், வசதியின்மை. சமூகவியலோ பொதுச் சுகாதாரமோ படிக்கும் மாணவர்கள் இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எந்தத் தடை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரால் அதை நீக்க முடியும் என்று தெரியும்.

வசதியின்மையை அரசாங்கத்தால் நீக்க முடியும். சிங்கப்பூர் அதைச் சிறப்பாகவே செய்தது. 2020 டிசம்பர் 30ஆம் தேதி தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் முதல் ஊசி போடப்பட்டது. 2021 ஜனவரி இறுதியில் அங் மோ கியோவிலும் தஞ்சோங் பகாரிலும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்னோட்டமாகத் தொடங்கியது. முன்பதிவு செய்வது முதியவர்களுக்குச் சிரமம் என்று தெரிந்ததும், 60 வயதைத் தாண்டியவர்கள் முன்பதிவே இல்லாமல் எந்த நிலையத்துக்கும் நேரே வரலாம் என்று பிரதமர் லீ சியன் லூங் மே 31ஆம் தேதி அறிவித்தார். நடமாடும் குழுக்கள் புளோக்குகளின் கீழ்த்தளத்துக்கே வந்தன. வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஊசி போடப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், 2021 ஜூலையில் ஏறத்தாழ 200,000 மூத்தோர் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருந்தார்கள். ஊசி இலவசம், இடம் பக்கத்தில், பதிவும் தேவையில்லை. அப்படியும் வரவில்லை என்றால், எஞ்சியவை மற்ற இரண்டு தடைகள்: நம்பிக்கையின்மையும் அலட்சியமும். இந்த இரண்டையும் பேச்சால்தான் தொட முடியும். பேச்சு என்றால் மொழி.

விவேக்கைப் பற்றிய கேள்வி

பதிவு மேசைக்கு முன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஊழியர் ஒருவர், தாதி ஆங்கிலத்தில் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் தலையாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்: “தம்பி, விவேக் சாருக்கு என்னாச்சுன்னு தெரியும்ல?”

தமிழ் தெரியாத ஒருவருக்கு அந்தக் கேள்வியின் பொருள் விளங்கியிருக்காது. தமிழ் தெரிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை. நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களுக்குச் சொல்லும் நோக்கத்தோடு, செய்தியாளர்கள் முன்னிலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17ஆம் தேதி அதிகாலையில் காலமானார். இதயத்தின் முக்கியமான இரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்திய விளைவுகளை ஆராயும் இந்தியாவின் தேசியக் குழு, அது தற்செயலாக நிகழ்ந்தது என்று 2021 அக்டோபரில் முடிவு தெரிவித்தது. ஆனால், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாட்ஸ்அப் சும்மா இருக்குமா? ஊரிலிருந்து அம்மா அனுப்பிய குரல் பதிவும், மைத்துனர் அனுப்பிய காணொளியும் கிராஞ்சி விடுதியின் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தவரின் கைப்பேசிக்கு வந்துகொண்டேதான் இருந்தன.

அவர் கேட்டதற்கு நான் மருத்துவ விளக்கம் கொடுக்கவில்லை. தாதியிடம் அவருடைய அச்சத்தை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் ஒருவர் வந்து அவர் அருகில் உட்கார்ந்தார். விவேக் போட்டுக்கொண்டது கோவேக்சின், செயலிழக்கச் செய்த கிருமியைக் கொண்டு தயாரிப்பது. இங்கே போடுவது வேறு தொழில்நுட்பத்தில் தயாரித்த எம்ஆர்என்ஏ தடுப்பூசி. உங்களுக்கு நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் ஏதாவது உண்டா? மருத்துவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன், அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். பேச்சு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. அவர் ஊசி போட்டுக்கொண்டார்.

இந்த ஐந்து நிமிடங்களை எந்தச் சுவரொட்டியும் கொடுத்திருக்க முடியாது. சுவரொட்டி எழுதுபவருக்கு, படிப்பவரின் மனத்தில் விவேக் இருக்கிறார் என்று தெரிய வழியில்லை. நம்பிக்கையின்மை என்று ஆய்வாளர்கள் சொல்வது, நேரில் பார்க்கும்போது இப்படித்தான் இருக்கிறது: அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, அது ஒரு மொழியில் பேசுகிறது.

இரண்டாவது தடையான அலட்சியத்துக்கும் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. விடுதிவாசிகளாக இருந்த ஏறத்தாழ 323,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே கிருமித்தொற்று ஏற்பட்டிருந்ததாக 2020 டிசம்பரில் அமைச்சுகள் தெரிவித்தன. பலருக்கு அறிகுறியே தெரியாமல் வந்து போயிருந்தது. “எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி?” என்று கேட்டவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கக்கூடாது. தொற்றிலிருந்து மீண்டவர்களுக்கும் ஊசி ஏன் தேவை, எத்தனை தவணை போதும் என்பதை நிபுணர்களே ஆய்ந்து, கட்டம் கட்டமாக அறிவுரையை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது.

உடற்பயிற்சியா, உடலுழைப்பா?

இந்த மூன்று தடைகளையும் தாண்டி ஒருவர் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் மொழியின் வேலை முடிந்ததா? முடியவில்லை என்பதுதான் நான் கற்ற பெரிய பாடம்.

எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்குப் பிறகு, மிக அரிதாகச் சிலருக்கு, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, இதயத் தசையில் அழற்சி ஏற்படலாம் என்று 2021ன் நடுப்பகுதியில் தெரியவந்தது. உடனே சிங்கப்பூரின் தடுப்பூசி நிபுணர் குழு ஓர் அறிவுரை வெளியிட்டது: இரண்டாம் தவணைக்குப் பிறகு ஒரு வாரம் கடும் உடலியக்கத்தைத் தவிர்க்கவேண்டும். ஜூலையில் அது முதல் தவணைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பின்னர் இரண்டு வாரமாக நீட்டிக்கப்பட்டது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதயப் படபடப்பு ஏற்பட்டால் உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்பதும் அறிவுரையின் பகுதி.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? “கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கவும்” என்று சொல்லலாம். அகராதியைப் பார்த்தால் பிழை இல்லை. வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிக்கூடம் போகும் என்னைப் போன்ற மாணவனுக்கு அது சரியாகப் புரியும். சிமெண்ட் மூட்டை தூக்கும் ஒருவருக்கு அதைச் சொல்லிப் பாருங்கள். “நான் எங்க தம்பி எக்சர்சைஸ் பண்றேன்? வேலை செய்யவே நேரம் சரியா இருக்கு” என்று சிரிப்பார். சிரித்துவிட்டு மறுநாள் காலை லாரியில் ஏறிக் கட்டுமானத் தளத்துக்குப் போவார். அங்கே எட்டாவது மாடிக்குக் கம்பி தூக்குவார். அவர் அறிவுரையை மீறவில்லை. அறிவுரை அவருக்குப் போய்ச் சேரவில்லை.

“கனமான பொருள் தூக்கும் வேலை, மூச்சு வாங்கும் வேலை எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம்” என்று சொன்னால்தான் அது அவருக்கான அறிவுரை. ‘உடற்பயிற்சி’, ‘உடலுழைப்பு’ என்ற இரண்டு சொற்களுக்கு இடையில் ஒருவரின் வாழ்க்கைமுறையே இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவன் தானே முடிவு செய்து ஒரு வாரம் ஓய்வெடுக்கலாம். தினச் சம்பள ஊழியரால் அப்படி முடிவு செய்ய முடியுமா? அவருக்கு இலகுவான வேலை கொடுக்கும்படி மேற்பார்வையாளரிடம் யார் சொல்வது? ஆகவே அறிவுரையைத் தமிழில் சொன்னால் மட்டும் போதாது, அது யார் காதுக்கெல்லாம் போகவேண்டுமோ அங்கெல்லாம் போகவேண்டும். நான் இருந்த நிலையத்தில், ஊழியர் எடுத்துச்செல்லும் தாளில் “கனமான வேலை கூடாது” என்று ஆங்கிலத்தில் தேதியுடன் எழுதித் தரும்படி தாதியிடம் கேட்கும் வழக்கத்தை நாங்கள் சிலர் ஏற்படுத்திக்கொண்டோம். மேற்பார்வையாளரிடம் காட்டுவதற்கு அவருக்கு ஒரு தாளாவது வேண்டும்.

இதை மிகைப்படுத்துவதாக நினைக்கவேண்டாம். தடுப்பூசியின் நன்மை அதன் ஆபத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதேநேரம், ஆபத்து சுழியம் அல்ல. 2021 ஜூலையில் 28 வயது பங்ளாதேஷ் நாட்டவர் ஒருவர், மாடர்னா தடுப்பூசியின் முதல் தவணை போட்டு மூன்று வாரங்களில் சிங்கப்பூரில் இறந்தார். அவருக்கு ஏற்பட்ட இதயத் தசை அழற்சி தடுப்பூசியுடன் தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்று மரண விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. கடுமையான பக்கவிளைவுக்கு ஆளானவர்களுக்கென அரசாங்கம் அமைத்த நிதியுதவித் திட்டத்தில் 225,000 வெள்ளி வரை வழங்க வகை செய்யப்பட்டது. அரிதான ஆபத்தை மறைத்துவிட்டு நம்பிக்கையைக் கட்ட முடியாது. ஆபத்தின் அறிகுறிகளை ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் சொல்லிவைத்தால்தான் அரிதானது அரிதாகவே இருக்கும்.

‘எல்லாம் ஓகே’ என்பது சம்மதமா?

ஊசிக்கு முன் கேட்கும் கேள்விகளுக்குத் திரும்புவோம். கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதுண்டா? இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா? காய்ச்சல் இருக்கிறதா? இவை ஊசி போடலாமா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும் கேள்விகள்.

‘ஒவ்வாமை’ நல்ல தமிழ்ச்சொல். ஆனால், பேச்சில் அதைப் பயன்படுத்தும் ஊழியரை நான் பார்த்ததில்லை. ‘அலர்ஜி’ என்றால் தெரியும், ஆனால் தூசியால் வரும் தும்மலும் அவர்களுக்கு அலர்ஜிதான். “மாத்திரை, ஊசி, சாப்பாடு ஏதாவது ஒத்துக்காம முகம் வீங்கி மூச்சு முட்டியிருக்கா அண்ணே?” என்று கேட்டால், யோசித்துப் பதில் சொல்வார்கள். கேள்வி புரிந்தால்தான் பதிலுக்கு மதிப்பு.

ஒருவர் எல்லாவற்றுக்கும் “இல்லை, இல்லை, எல்லாம் ஓகே தம்பி” என்றார். அவர் சட்டைப்பையில் மாத்திரை அட்டை தெரிந்தது. என்ன மாத்திரை என்று கேட்டதும் தயங்கினார். ஊரிலிருந்து கொண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரை. “சொன்னா வேலைக்கு லாயக்கில்லன்னு ஊருக்கு அனுப்பிடுவாங்களோ?” என்பதுதான் அவருடைய பயம். அனுப்பமாட்டார்கள் என்று வாக்குறுதி கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. தாதியை அழைத்து, அவர் பயத்தையும் சேர்த்துச் சொன்னேன். இந்தத் தகவல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைத் தாதி நிதானமாக விளக்கினார். அதன் பிறகே உண்மையான பதில்கள் வந்தன.

அதிகாரபூர்வமாக, தடுப்பூசி அவரவர் விருப்பம். கட்டணமும் கிடையாது. ஆனால், அதைப் போட்டுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கவேண்டும். 2021 செப்டம்பரில் ஊழியர்களை மீண்டும் சமூகத்துக்குள் அனுமதிக்கும் முன்னோட்டத் திட்டம் தொடங்கியபோது, வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் போகலாம் என்று அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி போட்டவர்கள் மட்டுமே போகலாம். 2022 ஜனவரி 15 முதல், சில விலக்குகள் தவிர, தடுப்பூசி போட்டவர்கள் மட்டுமே வேலையிடம் திரும்பலாம் என்ற விதி எல்லாருக்கும் பொதுவாக வந்தது. பிப்ரவரி 1 முதல் புதிய வேலை அனுமதிக்கும் தடுப்பூசி நிபந்தனையானது.

நோய்ப் பரவல் உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த விதிகளுக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றைத் தவறென்று வாதாட நான் வரவில்லை. ஆனால், ஒருவரின் வருமானமும் ஞாயிற்றுக்கிழமைச் சுதந்திரமும் ஓர் ஊசியைச் சார்ந்திருக்கும்போது, ‘சம்மதம்’ என்ற சொல் எடை குறைந்துவிடுகிறது. அந்த எடையைக் கொஞ்சமேனும் திருப்பிக் கொடுக்கக்கூடியது விளக்கம்தான். தேர்வு சுருங்கச் சுருங்க, விளக்கம் சொல்லும் கடமை பெரிதாகிறது. “கம்பெனி அனுப்புச்சு, வந்தேன்” என்று வந்தவர், “இது என்ன ஊசின்னு தெரியும், எதைக் கவனிக்கணும்னு தெரியும்” என்று திரும்பிப் போனால், அந்த நிலையம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

“மாணவர் எதற்கு, செயலி போதாதா?”

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, மொழிபெயர்ப்புச் செயலிகள் இருக்கும்போது தொண்டூழியர் எதற்கு? செயலிகளால் பயன் உண்டு, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். தெரியாத மருத்துவச் சொல்லுக்கு அவை உதவும். ஆனால், செயலி ‘ஒவ்வாமை’ என்று சரியாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். கேட்பவர் முகத்தில் குழப்பம் தெரிகிறது என்பதோ, சட்டைப்பையில் மாத்திரை இருக்கிறது என்பதோ அதற்குத் தெரியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மருத்துவம் சார்ந்த மொழிபெயர்ப்பைப் பயிற்சி இல்லாத மாணவரிடம் விடலாமா? இதை நான் பாதி ஏற்கிறேன். சிகிச்சைக்கான மொழிபெயர்ப்பு, ஊசிக்கான ஊசிக்குழலைப்போல நிலையத்தின் திட்டத்திலேயே இருக்கவேண்டியது. யாராவது நல்ல மனத்தோடு வருவார்கள் என்ற எதிர்பார்ப்பில் அதை விட்டுவைக்கக்கூடாது. அரசாங்கமும் இந்தத் திசையில் சில அடிகள் வைத்துள்ளது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள, வெளிநாட்டு ஊழியர்களுக்கான அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தில் அவர்களின் தாய்மொழியில் பேசக்கூடியவர்களின் சேவையும் கருதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டில், மொழிபெயர்ப்புத் தரத்தை உயர்த்தப் பொதுமக்களும் பங்களிக்கும் ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ இணையத்தளம் தொடங்கப்பட்டது. இவை வளரவேண்டும். பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள் வரும்வரை நாம் அந்த இடத்தில் நிற்கிறோம். வந்த பிறகும் அவர்களுக்குத் துணையாக நிற்கலாம்.

நிற்பதென்றால் எல்லை தெரிந்து நிற்கவேண்டும். நான் கடைப்பிடித்த எல்லைகள் இவை. மருத்துவக் கேள்விக்கு நானாகப் பதில் சொல்வதில்லை, தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்டுத்தான் சொல்வேன். இருவரும் சொல்வதில் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பயத்தையும் சொல்வேன், கோபத்தையும் சொல்வேன். கேட்ட உடல்நல விவரங்களை நிலையத்துக்கு வெளியே கொண்டுபோவதில்லை. கடைசியாக, “புரிந்ததா?” என்று கேட்பதில்லை. அதற்கு யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். “வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க, ஒருதடவை சொல்லுங்க” என்று கேட்பேன். தாம் கேட்டதை அவர் தம் சொற்களில் திருப்பிச் சொன்னால்தான் செய்தி சேர்ந்தது என்று பொருள். மருத்துவத் துறையில் இது பயிற்சியாகவே சொல்லித்தரப்படும் முறை.

முதியவர்கள் வந்த நிலையத்தில் இந்த முறை இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. ஊசி போட்ட பிறகு 30 நிமிடம் கண்காணிப்பில் உட்காரவேண்டும். பாட்டிமார்கள் பலரும் பேரப்பிள்ளையோடு வந்தார்கள். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டதைத் தெரிந்த தமிழில் இரண்டு சொல்லில் சுருக்கிச் சொல்லும், பாட்டி “சரிப்பா” என்பார். அந்த 30 நிமிடத்தில் அருகில் உட்கார்ந்து பேசும்போதுதான், “கை வீங்கினா கோடாலித் தைலம் தேய்க்கலாமா கண்ணு?” என்பது போன்ற உண்மையான கேள்விகள் வெளியே வந்தன. அதைக் கேட்டுக் கண்காணிப்புப் பகுதியிலிருந்த தாதி வந்து பதில் சொல்வார். காத்திருப்பு நேரம் என்று நாம் நினைப்பது, கேள்வி கேட்கும் நேரம்.

இனி வரும் ஊசிகள்

இப்போது அக்கிக்கு வருவோம். அக்கி நோய்த் தடுப்பூசியைப் பற்றிய தகவல்தாளில் ‘ஷிங்கல்ஸ்’ என்ற சொல்லைப் பார்க்கும் தாத்தாவுக்கு அது ஏதோ புது நோயாகத் தெரியலாம். ‘அக்கி’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். சிறுவயதில் ஊரில் யாருக்கோ வந்தது, குயவரிடம் கூட்டிப்போய்க் காவியால் ‘அக்கி எழுதிய’ கதை எல்லாம் வரும். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்தால் வாய்ப்பு போய்விடும். சின்னம்மை வந்துபோன உடலில் அந்தக் கிருமி நரம்புகளில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாகத் திரும்பி வருகிறது, கொப்புளம் ஆறினாலும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், இரண்டு தவணை ஊசியால் அதைத் தடுக்கலாம். இதையெல்லாம் அவர் அறிந்த அந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்கினால் சொல்லிவிடலாம். ஊசி அவருக்குப் பொருத்தமா என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். கேள்வியோடு மருத்துவரிடம் போகும் அளவுக்கு அவரைக் கொண்டுவருவது நம் வேலை.

நம்மில் சிலருக்கு ஓர் ஐயம் இருக்கலாம்: என் தமிழ் இதற்குப் போதுமா? சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாக இருந்தனர். 2020ல் அது 2.5 விழுக்காடு. தமிழ் தேவைப்படுவோர் கிராஞ்சி விடுதிகளிலும் மூவறை வீடுகளிலும் இருக்க, தமிழ் பேசும் இளையர்கள் குறைந்து வருகிறோம். மேடைத் தமிழ் இதற்குத் தேவையில்லை. தேர்வுத்தாளில் எழுதும் தமிழும் வீட்டில் பாட்டியிடம் பேசும் தமிழும் சேர்ந்தால் போதும். முதலாவது பொருளைச் சரியாகப் பிடிக்க உதவும், இரண்டாவது அதைச் சேர்ப்பிக்க உதவும்.

தொடங்க விரும்புவோர் செய்யக்கூடியவை எளியவை. உங்கள் தொகுதிச் சமூக மன்றத்திலோ, முதியோர் நடவடிக்கை நிலையத்திலோ, 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களின் உடல்நலத்துக்காக இயங்கிவரும் ‘ஹெல்த்செர்வ்’ போன்ற அமைப்புகளிலோ தமிழ் தெரிந்த தொண்டூழியர் தேவையா என்று கேளுங்கள். போவதற்கு முன் நண்பர்கள் நான்கு பேர் உட்கார்ந்து, தடுப்பூசிக்கு முன் கேட்கப்படும் கேள்விகளைப் பேச்சுத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘ஒவ்வாமை’, ‘பக்கவிளைவு’, ‘தவணை’, ‘எதிர்ப்புச் சக்தி’ ஆகிய நான்கு சொற்களை உங்கள் வீட்டு மூத்தவரிடம் சொல்லி, அவருக்கு என்ன புரிகிறது என்று கேளுங்கள். புரியாததை அவர் எந்தச் சொல்லால் சொல்வார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்த பட்டியலை ஒரு தாதியிடமோ மருத்துவரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும் நாளில் தடுப்பூசி எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கப்பட்டாலும், கிராஞ்சியில் ஓர் ஊழியரும் தேக்காவில் ஒரு பாட்டியும் அதைப் பற்றித் தமிழில்தான் பயப்படுவார்கள். பதில் சொல்ல வருபவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா என்பது, இன்று பள்ளியில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.